வெறும் தண்ணீர் பாட்டிலில் குற்றாலம்

1

"அக்டோபர் 11. மழை. எதுவுமே இருக்கக் கூடாத பாட்டிலில் குற்றாலம் முழுவதும் இருக்கிறது. வடிவிடம் இன்னும் சொல்லவில்லை."

என் நாட்குறிப்பில் அந்த நாளுக்கு எழுதியிருப்பது இவ்வளவுதான். வழக்கமாக நான் இதைவிட அதிகம் எழுதுகிறவன். பேருந்து தாமதமா, காற்று எந்தத் திசை, சாப்பிட்டபின் என்ன படித்தேன் என்பது வரைக்கும் எழுதி வைப்பேன். நார்வேயில் பெர்கன் நகருக்கு வந்ததிலிருந்து இந்தப் பழக்கம். பேச ஆள் குறையக் குறையக் குறிப்புகள் நீண்டுகொண்டே போகும்.

வடிவு என் தங்கை. முழுப்பெயர் சண்முகவடிவு. தென்காசியில் அப்பாவோடு இருக்கிறாள். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பித்துக்கொண்டே பகுதி நேரமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். குற்றால அருவிகளின் தண்ணீரில் என்னென்ன பாக்டீரியாக்கள் வாழ்கின்றன என்பது அவள் எடுத்துக்கொண்ட பொருள். சாரலுக்கு முன், சாரல் காலம், சாரல் ஓய்ந்த பின் என்று மூன்று முறை தண்ணீர் எடுத்து ஒப்பிட வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்க அவளுக்குக் கொடுத்திருக்கும் கெடு இந்த டிசம்பரோடு முடிகிறது. ஏற்கெனவே ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது. இன்னொரு முறை கிடையாது.

நான் இங்கே குடிநீரைச் சோதிக்கும் ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணனும் தங்கையும் இரண்டு கண்டங்களில் இருந்துகொண்டு ஒரே வேலையைச் செய்கிறோம் என்பதில் அப்பாவுக்குப் பெருமை. "ரெண்டும் தண்ணியப் பாத்துப் பொழைக்கிய பிள்ளைய" என்று தெருவில் சொல்லுவாராம்.

பெர்கனில் வருடம் முழுவதும் மழை. தென்காசியில் ஜூன் பிறந்தால் முடிவெட்டும் கடையில்கூட "தண்ணி விழுதா?" என்று கேட்பார்கள். எங்கே விழுகிறது என்று யாரும் விளக்கத் தேவையில்லை. இங்கே மழையை யாரும் விசாரிப்பதில்லை. வந்த புதிதில் ஊருக்கு அருகே மலையிலிருந்து இறங்கும் அருவியைக் காட்டி, அதில் குளிக்கலாமா என்று உடன் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டேன். நான் கேட்ட நார்வேஜிய வாக்கியத்தில் பிழை இருக்கிறது என்று நினைத்து ஒருவர் திருத்த முயன்றார். வாக்கியம் சரிதான் என்று தெரிந்ததும் தன் மேசைக்குத் திரும்பிவிட்டார். அதன்பின் நான் யாரையும் கேட்கவில்லை, குளிக்கவும் இல்லை.

2

தண்ணீரில் உள்ள பாக்டீரியாக்களைப் பழைய முறையில் தட்டில் வளர்த்துத்தான் பார்ப்போம். நான் படித்த காலத்தில் அதுதான் பாடம். ஆனால் தட்டில் வளர்வது மிகச் சிலவே. பாறையிலும் பாசியிலும் ஓடும் தண்ணீரிலும் வாழ்கிற பெரும்பாலானவை, நாம் வைக்கும் உணவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அவை இருக்கின்றன என்பதே நெடுங்காலம் நமக்குத் தெரியாமல் இருந்தது.

இப்போதைய முறையில் எதையும் வளர்க்க வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை மிக நுண்ணிய துளைகள் கொண்ட வடிதாளில் வடிக்க வேண்டும். பாக்டீரியாக்கள் தாளில் தங்கிவிடும். அவற்றை உடைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, எல்லா பாக்டீரியாக்களிடமும் இருக்கிற ஒரு குறிப்பிட்ட மரபணுவை மட்டும் பல மடங்கு படியெடுத்து, அதன் எழுத்து வரிசையை எந்திரத்தில் படிக்க வேண்டும். இனத்துக்கு இனம் அந்த வரிசை சிறிது மாறும். ஏற்கெனவே சேர்த்து வைத்த வரிசைகளோடு ஒப்பிட்டால் யார் யார் அந்தத் தண்ணீரில் இருந்தார்கள் என்று சொல்லலாம். உயிரோடு இருந்தார்களா, செத்துக் கிடந்தார்களா என்று மட்டும் இந்த முறை சொல்லாது.

இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. படியெடுக்கும் வேலை அவ்வளவு கூர்மையானது என்பதால், கையுறையில் ஒட்டியது, பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்தது எல்லாமே பெருகிவிடும். அதனால் ஒவ்வொரு பயணத்திலும் கூடவே ஒரு பாட்டில் போகும். அதில் டி.என்.ஏ. எதுவும் இல்லாதபடி ஆய்வகத்தில் தூய்மையாக்கிய தண்ணீர் இருக்கும். அதைக் களத்தில் ஒருமுறை திறந்து மூடித் திருப்பிக் கொண்டுவந்து, மற்றவற்றுக்குச் செய்வதையெல்லாம் இதற்கும் செய்ய வேண்டும். கடைசியில் அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால், எங்கோ ஏதோ கலந்துவிட்டது. அந்தப் பயணத்தில் எடுத்த எதையும் நம்ப முடியாது. வடிவு அதை வெறும் தண்ணீர் என்பாள்.

3

வடிவின் தண்ணீரை நானே இங்கே கொண்டுவந்து சோதித்திருக்கலாமே என்று பலர் கேட்டார்கள். முடியாது. மகள் பள்ளியில் சேர்ந்த ஆண்டு நான் இந்தியக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுத்தவன். அதில் ரத்து முத்திரை குத்தித் தந்தார்கள்; முத்திரை என் பெயரின் மேலேயே விழுந்திருந்தது. இப்போது வெளிநாட்டு இந்தியருக்கான அட்டை ஒன்று வைத்திருக்கிறேன். குற்றாலத்தில் குளிக்க எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் குற்றாலத்துத் தண்ணீர் வடிந்த ஒரு சிறு தாளை ஆய்வுக்கென்று எடுத்து வர, நாட்டின் உயிரின வளத்தை வெளியே கொண்டுபோகும் அயல்நாட்டவன் என்று விண்ணப்பிக்க வேண்டும். சட்டம் சரியானதுதான். நம் மண்ணின் பொருள்களை அள்ளிக்கொண்டு போனவர்கள் இருந்தார்கள். விண்ணப்பப் படிவத்தில் 'அயல்நாட்டவர்' என்ற கட்டத்தில் என் கை நிற்பதுதான் பழகவில்லை.

எனவே தண்ணீர் ஊரிலேயே இருந்தது. டி.என்.ஏ. வடிவின் கல்லூரியில் பிரித்தெடுக்கப்பட்டது. வரிசையைப் படித்தது வேறோர் ஊரில் உள்ள நிறுவனம். அவர்கள் கொடுத்த கோப்பைத் தங்கையின் வழிகாட்டிப் பேராசிரியர் தன் அலுவலகத்தில் அனுமதி பெற்று என் பார்வைக்கு அனுப்பினார். ஆராய்ந்து ஒரு குறிப்பு எழுதித் தர வேண்டும். அவ்வளவுதான் என் பங்கு. நான்கு எழுத்துகள் மாறி மாறி வரும் லட்சக்கணக்கான வரிகளாகக் குற்றாலம் என் கணினிக்கு வந்தது.

வீட்டில் பெரும்பாலும் நான் மட்டும். மனைவிக்கு ஆஸ்லோவில் வேலை. மகளும் அங்கேதான் படிக்கிறாள். சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டும் ஒரு கணினியும் இருக்கும். சாரலுக்கு முந்தைய தண்ணீரின் கோப்பு வந்திருந்தபோது, சோறு ஆறும் வரை ஐந்தருவியில் யார், பழைய அருவியில் யார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த வாரங்கள் எனக்கு நன்றாகவே கழிந்தன.

4

சாரல் காலத் தண்ணீர் எடுத்தது ஜூலை முதல் வாரத்தில். முந்தின நாள் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் கூட்டம் சேரும் முன் வடிவும் அப்பாவும் ஆட்டோவில் போனார்கள். ஐந்தருவியும் பழைய அருவியும் முடித்துப் பேரருவிக்கு வந்தபோது வடிவு எனக்கு வீடியோவில் அழைத்தாள். எனக்கு அன்று விடுமுறை.

பாட்டில்கள் இருந்த பையை அவள் அப்பாவிடம் கொடுத்தது எனக்குத் தெரிந்தது. அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்னட்டி, இதுல ஏற்கெனவே தண்ணி கெடக்கு?"

"அது வெறுந்தண்ணிப்பா. காலேஜ்லேருந்து கொண்டாந்தது. அதுல ஒண்ணுங் கெடையாது."

"ஒண்ணுங் கெடையாதத எதுக்குச் சொமந்துக்கிட்டு வார?"

"திரும்பக் கொண்டு போவணும்ப்பா."

"குத்தாலத்துக்கு வந்துட்டு காலேஜ் தண்ணியத் திரும்பக் கொண்டு போவியாக்கும்! நல்லாருக்குட்டி ஒங்க படிப்பு."

நான் சிரித்தேன். வடிவும் சிரித்தாள். போன் நனைந்துவிடும் என்று அதையும் அப்பாவிடம் கொடுத்துவிட்டு, பேரருவிக்கான பாட்டிலோடு பெண்கள் பக்கம் போனாள். பேரருவியில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். இடையில் தடுப்பு. அங்கே போனவளுக்கு இந்தப் பக்கம் நடப்பது தெரியாது.

அப்பா போனைப் பிடிக்கும் விதத்தில் எனக்கு எப்போதும் அவர் காது மட்டுமே தெரியும்.

"எய்யா, தண்ணிச் சத்தம் கேக்குதா?"

"கேக்குப்பா. என் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

"ஒம் மூஞ்சி எங்க இருக்கு இதுல? இரு, நனைஞ்சிரப் போவுது."

போனைத் துண்டில் சுற்றிவிட்டார். திரை இருண்டது. அருவிச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. இங்கே ஜன்னலிலும் மழை. இரண்டு சத்தங்களுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வடிவின் குரல் கேட்டது, வெளிச்சம் வந்தது, அவள் கூந்தல் நனைந்திருந்தது. எல்லாம் முடிந்தது என்றாள்.

அந்த அழைப்பு தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறேன். அப்பாவின் சட்டைக் கை ஈரமாக இருந்ததா என்பதை எழுதவில்லை.

5

அக்டோபரில் ஜூலைத் தண்ணீரின் கோப்பு வந்தது. ஐந்தருவியும் பழைய அருவியும் எதிர்பார்த்த மாதிரியே இருந்தன. காட்டு மண்ணிலிருந்தும் அழுகும் இலையிலிருந்தும் வருகிறவை, பாறைப் பாசியோடு வாழ்கிறவை, பேரருவியில் மட்டும் மனிதத் தோலில் வாழ்கிறவை கொஞ்சம் அதிகம். அதற்கடுத்து வெறும் தண்ணீரைத் திறந்தேன். பேரருவியின் பட்டியலே இன்னொரு முறை வந்தது. அதே இனங்கள், கிட்டத்தட்ட அதே விகிதத்தில்.

கோப்பின் பெயர் மாறிவிட்டதோ என்று பார்த்தேன். மாறவில்லை. இரண்டு நாள் தள்ளிப்போட்டுவிட்டு வடிவை அழைத்தேன்.

"அண்ணே, சும்மா வெளையாடாத."

"வெளையாடல வடிவு. பேரருவில இருக்கதெல்லாம் வெறுந்தண்ணிலயும் இருக்கு."

"கொஞ்சம் தெறிச்சிருக்கும். அதக் கழிச்சிட்டுப் பாக்கலாம்லா?"

"கொஞ்சமா இருந்தா நானே கழிச்சிருப்பேன். வெறுந்தண்ணி டி.என்.ஏ. எவ்வளவு இருந்துச்சுன்னு அளந்தியா?"

"அத எதுக்கு அளக்க? அதுலதான் ஒண்ணும் இருக்காதே."

நிறுவனம் எல்லாவற்றையும் ஒரே அளவாக்கித்தான் எந்திரத்தில் ஏற்றும். துளியாக இருந்ததும் கோப்பில் குடமாகத் தெரியும். முதலில் எவ்வளவு இருந்தது என்பது இனி அந்தக் கோப்பிலிருந்து தெரியாது.

"அப்ப ஜூலைத் தண்ணி முழுக்கப் போச்சுங்கியா?"

"நம்ப முடியாதுன்னு சொல்லுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான். நீ அங்கன ஹீட்டர் பக்கத்துல உக்காந்துக்கிட்டு லேசா சொல்லிருவ. இங்கன இப்ப விழுதது புரட்டாசித் தண்ணி. நான் எங்கன போய் ஜூலைத் தண்ணி எடுக்க? சாரல் இல்லாம குத்தாலத்தப் பத்தி ஆராய்ச்சின்னு குடுத்தா சிரிப்பாவ."

"நான் என்ன செய்யட்டும் வடிவு?"

"ஒண்ணுஞ் செய்யாண்டாம். நீ வெளிநாட்டுக்காரன்லா. ஒனக்கு முறைதான் முக்கியம்."

அழைப்பு நின்றது. ஆஸ்லோவிலிருந்து வருகிற அழைப்பை விட்டால் எனக்கு வேறு எந்த ஊரிலிருந்தும் அழைப்பு வருவதில்லை. அதன்பின் ஒரு வாரம் என் போன் அதற்கும் ஆய்வகத்து வேலை அட்டவணையைச் சொல்லவும் மட்டுமே ஒலித்தது.

6

அந்த வாரத்தின் முடிவில் அப்பா அழைத்தார். தானாக அழைக்கிறவர் இல்லை. வடிவு கல்லூரிக்குப் போயிருந்தாள். இந்த முறை காது இல்லை. முகம் முழுவதும் தெரிந்தது. சட்டை போட்டிருந்தார்.

"எய்யா, அந்தப் பாட்டில நாந்தான் மாத்துனேன்."

"எந்தப் பாட்டில?"

"வெறுந்தண்ணிப் பாட்டில. இவ அந்தப் பக்கம் போனதும், இருந்தத கீழ கொட்டிட்டு அருவித் தண்ணியப் புடிச்சேன். ஆம்பளைய பக்கம், கம்பித் தடுப்புக்குத் தெக்க, மேக்க பாத்து நின்னு, மூடிய எடது கைல வெச்சுக்கிட்டு. பாட்டில் கழுத்து வரைக்கும் புடிச்சேன்."

"ஏம்ப்பா?"

"ஏன்னா என்னலே? குத்தாலம் வரைக்கும் வந்துட்டு எவனாவது கொண்டாந்த தண்ணியத் தூக்கிட்டுப் போவானா? ஒனக்கு வேற அனுப்புவான்னு நெனச்சேன்."

"தண்ணி இங்க வராதுப்பா. எழுத்துதான் வரும்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் சொல்வது நடந்திருக்கக் கூடியதுதான். எங்கள் ஊரில் குற்றாலம் போய்விட்டுத் திரும்புகிற எவரும் அப்படித்தான் செய்வார். அப்படி நடந்திருந்தால் வடிவு தப்பித்தாள். எங்கும் எதுவும் கலந்ததாகச் சொல்ல வேண்டியதில்லை. வெறும் தண்ணீர் என்று நாங்கள் நினைத்தது இன்னொரு பேரருவிப் பாட்டில், அவ்வளவுதான். பேரருவியோடு அது ஒத்துப் போவதற்கும் காரணம் கிடைத்துவிடும். ஆனால் ஆய்வகத்தில் பேரருவித் தண்ணீர் தெறித்திருந்தாலும் பட்டியல் இப்படியேதான் வரும்.

அப்பா வீரகேரளம்புதூரில் நெடுங்காலம் பத்திரம் எழுதியவர். அவர் கை பட்ட பத்திரத்தில் நான்கு எல்லையும் துல்லியமாக இருக்கும். தெற்கே, மேற்கே, இடது கை என்று அவர் சொல்லிக்கொண்டு போனபோது, அது நினைவிலிருந்து வருகிறதா, எழுதிப் பழகிய கையிலிருந்து வருகிறதா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"அப்பா, வடிவும் நானும் சண்ட போட்டது ஒங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க சண்ட போடுறது கேரளா எல்லைல புளியறைச் செக்போஸ்ட் வரைக்கும் கேக்கும். அத விடு. நான் சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணுமா? ரெண்டு சாட்சியோடயே தாரேன்."

"சாட்சி யாருப்பா? அங்கதான் ஒருத்தரும் இல்லையே."

"அது கெடக்கு. ஆள் புடிச்சிரலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

"அவளுக்குப் பட்டம் கெடைக்கணும்யா. நீ தூரத்துல இருக்க. எனக்கப்புறம் அவ தனியாத்தான் நிப்பா. ஒரு பேராவது கூட நிக்கட்டும்."

7

மகளிடம் இதைச் சொன்னேன். இனியாவுக்குப் பதினேழு வயது. ஞாயிற்றுக்கிழமை அவள்தான் அழைப்பாள். பெரும்பாலும் நான் தமிழிலும் அவள் நார்வேஜியத்திலும் பேசுவோம். சிறுமியாக இருந்தபோது குற்றாலத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். அருவியைப் பார்த்துவிட்டு, இந்தத் தண்ணீருக்குச் சோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேட்டாள். என்னிடம் படித்த கேள்வி. அன்று அவள் குளிக்கவில்லை.

நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, தமிழில் கேட்டாள்.

"அப்பா, தாத்தா பொய் சொன்னா உனக்கு நல்லதா? நிஜம் சொன்னா நல்லதா?"

"நிஜம் சொன்னா வடிவு அத்தைக்கு நல்லது."

"உனக்கு?"

அதற்குள் அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். போகிறேன் என்று நார்வேஜியத்தில் சொல்லிவிட்டு வைத்தாள். அவள் கேட்டதைப் பல நாட்கள் யோசித்தேன். பொய்யாக இருந்தால், என் தங்கைக்காக இந்த வயதில் ஒரு கதை கட்டும் அளவுக்கு அந்த வீட்டில் அன்பு இருக்கிறது. உண்மையாக இருந்தால், எனக்கு அனுப்ப வேண்டும் என்று எண்ணி ஒருவர் அருவியில் கை நீட்டியிருக்கிறார். இரண்டிலுமே நான் அங்கே இல்லை.

8

வழிகாட்டிப் பேராசிரியருக்கு நான் எழுதிய குறிப்பு ஒரு பக்கம்தான். ஜூலைப் பயணத்தின் வெறும் தண்ணீரில் பேரருவி இனங்கள் இருக்கின்றன என்று எழுதினேன். பாட்டிலை வைத்திருந்தவர் தான் தண்ணீரை மாற்றியதாகச் சொல்கிறார் என்று எழுதினேன். அவர் என் தந்தை என்பதையும் எழுதினேன். இதை இப்போதைக்கு உறுதிப்படுத்த முடியவில்லை, உறுதியாகும் வரை ஜூலைத் தரவைச் சேர்க்க வேண்டாம் என்று முடித்தேன்.

எழுதிய பிறகுதான் ஒரு வழி இருப்பது உறைத்தது. வடிவு ஒவ்வொரு வடிதாளிலும் பாதியை வெட்டி உறைபெட்டியில் வைப்பாள். அந்தப் பாட்டிலின் மீதிப் பாதியிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, இந்த முறை அளவையும் பார்த்தால் போதும். பாட்டில் நிறைய அருவித் தண்ணீர் இருந்தது என்றால் மற்ற தாள்களில் இருப்பதற்கு நிகராக இருக்கும். ஆய்வகத்தில் தெறித்தது என்றால் இருக்கிறதா இல்லையா என்ற அளவுக்குத்தான் இருக்கும். ஒரு நாள் வேலை.

வடிவை அழைத்துச் சொன்னேன். குறிப்பைப் படித்த கோபம் அவளுக்குப் போகவில்லை, ஆனால் எடுத்தாள்.

"தெரியும்ணே. பாதித் தாள் இருக்கது எனக்கும் தெரியும்."

"அப்பம் அளந்துரலாம்லா?"

"அளந்து இல்லேன்னு வந்துச்சுன்னா?"

"வந்தா ஜூலைய விட்டுட்டு எழுது."

"நான் அதக் கேக்கல. சாயங்காலம் வீட்டுக்குப் போவணும்லா. அப்பா வாசல்ல உக்காந்து 'என்னட்டி, சரியாயிட்டா?'ன்னு கேப்பாரு. அவரு மூஞ்சியப் பாத்து நான் என்ன சொல்ல? நீ சொல்லுவியா?"

அப்பா சொன்னதை அவள் முழுதாக நம்பியிருந்தால் அன்றைக்கே உறைபெட்டியைத் திறந்திருப்பாள். இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் பேச்சை மாற்றி, மழை எப்படி என்று விசாரித்துக்கொண்டோம்.

இதை எழுதுவது டிசம்பர் 3. ஆய்வேடு இன்னும் ஒப்படைக்கப்படவில்லை. ஜூலைக்கான அத்தியாயம் எழுதி முடித்துத் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. மீதி வடிதாள் திருநெல்வேலியில் உறைபெட்டியில் இருக்கிறது. அளக்கப்படவில்லை. பேரருவியின் ஆண்கள் பக்கத்தில் அப்பா அந்தப் பாட்டிலைக் கொட்டி நிரப்பினார் என்பதற்கு, அவர் சொன்னதைத் தவிர இதுவரை வேறு சான்று இல்லை.